ஹம்பியைப் பார்க்காமல் படமெடுத்துத் திரும்புவது எப்படி?

ஹம்பிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று வெயில். அதைத் தொப்பியும் மோரும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே எதையாவது நிஜமாகவே பார்த்துத் தொலைத்துவிடுவது. இதற்குப் பயிற்சி வேண்டும். இடிந்த கோட்டைகளையும் பழைய கோயில்களையும் படமெடுத்தே பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தப் பயிற்சியை இலவசமாகத் தருகிறேன். பயப்படாதீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் இதையெல்லாம் ஏற்கெனவே பிரமாதமாகச் செய்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டும்தான் என் வேலை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: துங்கபத்திரையின் கரையில் 40 சதுர கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கிறது பழைய விஜயநகரம். கோயில், மண்டபம், குளம், கடைத்தெரு, யானைக் கொட்டாரம், கால்வாய் என்று 1,600க்கும் மேற்பட்ட எச்சங்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு ஊர் பாழானது. 1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்க்க ஆரம்பித்தால் ஒரு வாரம் ஓடிவிடும். அதனால் முதல் பாடத்தை நேரத்தில் தொடங்குவோம்.

1. ஒரே நாளில் முடியுங்கள்.

ஹம்பிக்கென்று தனியாகக் கிளம்பாதீர்கள். மந்திராலயம் போகிற சாக்கில் போங்கள். டெம்போ டிராவலரில் மூன்று குடும்பம், ஒரு தூக்குப் புளியோதரை, பின் சீட்டில் தூங்கும் சித்தப்பா. முதல் நாள் ராகவேந்திரர் தரிசனம். மறுநாள் காலை ஆனைக்குந்தியில் படகேறி நவபிருந்தாவனம். மாலையில் துங்கபத்திரா அணைப் பூங்காவின் நீரூற்று. அதைக் குழந்தைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடுவில் மிச்சமாகும் இடுக்கு ஹம்பிக்கு.

இந்தக் கணக்குப்படி நீங்கள் வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டு. அற்புதம். வானம் வெளிறிக் கிடக்கும். பாறையில் அனல் பறக்கும். தூணின் நிழல் தூணின் காலடியிலேயே ஒடுங்கியிருக்கும். விவரம் கெட்ட சிலர் இருட்டோடு எழுந்து மாதங்க மலையில் ஏறி உட்கார்ந்து, கீழே அச்சுதராயர் கோயில் வெளிச்சத்துக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இறங்கி வருவதற்குள் ஹோட்டலில் பூரி தீர்ந்துவிடுகிறது. நீங்கள் பூரியின் பக்கம் நில்லுங்கள்.

2. எதையும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

1520 வாக்கில் டொமிங்கோ பாயஸ் என்ற போர்ச்சுக்கீசியர் இங்கே வந்தார். ஊர் ரோமாபுரி அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்று எழுதிவைத்தார். கிருஷ்ணதேவராயர் பொழுது விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, பாரம் தூக்கி, வாள் சுழற்றி, மல்லுக்கட்டி, கடைசியில் வேர்க்க வேர்க்கக் குதிரையோட்டினார் என்பதையும் விடவில்லை. மகாநவமித் திருவிழாவில் மல்லர்கள், நாட்டியப் பெண்கள், வாணவேடிக்கை, யானை குதிரை அணிவகுப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்து எழுதினார். ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் குறிப்புகளை 1900இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு மகாநவமி மேடையில் ஏறினால் என்ன ஆகும்? கீழே வெறும் மைதானம் தெரியாது. குதிரைகள் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும், ராஜா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று யோசனை ஓடும். கேமரா தானாகக் கீழே இறங்கிவிடும். ரீல்ஸ் வீணாகும்.

ஆகையால் போகிற வழியில், வண்டியிலேயே, 'ஹம்பியில் மிஸ் பண்ணக்கூடாத பத்து இடம்' என்ற வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் பாருங்கள். அதுவே அதிகம். வழிகாட்டி ஒருவரை அமர்த்தித்தான் ஆகவேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தால், பேரம் பேசி அவர் கேட்டதில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், "சார், எங்க நின்னா நல்லா விழும்?" என்று மட்டும் கேளுங்கள்.

3. எல்லோரும் எடுத்த படத்தையே எடுங்கள்.

விட்டலர் கோயில் கல்தேர். ஹம்பி என்றால் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் போகும் பாதை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கோயில்வரை பேட்டரி வண்டியில் போக வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரில் இருபுறமும் மண்டபங்களும் பழைய கடைத்தெருவின் தூண்வரிசையும் வரும். ஓடுகிற வண்டியிலிருந்தே எடுங்கள். கலங்கலாக வரும். கவலைப்படாதீர்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

உள்ளே போனதும் தேருக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். அதில் சேர்ந்துகொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில் நில்லுங்கள். அவர் எப்படிக் கையை விரித்தாரோ அப்படியே விரியுங்கள். சக்கரத்தைச் சுண்டுவிரலால் உருட்டுவதுபோல ஒரு படம், தேரை உள்ளங்கையில் தாங்குவதுபோல ஒரு படம். பிறகு பின்னால் நிற்பவரின் முறைப்பை மதித்து உடனே விலகுங்கள். விலகுவது முக்கியம். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் வேண்டாத விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கும்.

உதாரணமாக, தேரை இழுக்கும் யானைகள். அவை தேருக்குரியவையே அல்ல. முதலில் இருந்தவை குதிரைகள். யானைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் குதிரைகளின் பின்னங்கால்களும் வாலும் இன்னும் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குனியாதீர்கள், சட்டை கசங்கும். அப்புறம், இது ஒரே கல்லில் குடைந்த தேரும் இல்லை. பல கல்லைச் செதுக்கி அடுக்கி, இணைப்புகளை வேலைப்பாட்டுக்குள் ஒளித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பொறுமையாகப் பார்த்தால் கோடு தெரியும். உள்ளே கருடனுக்கான சன்னதி. இவ்வளவும் தெரிந்துகொண்டால், வீட்டுக்குப் போய் 'ஒரே பாறையில் செதுக்கிய அதிசயத் தேர்' என்று ஸ்டேட்டஸ் போடக் கை வராது. லைக் பாதியாகக் குறையும்.

4. தட்டுங்கள், ஏறுங்கள், சாயுங்கள்.

பக்கத்திலேயே இசைத்தூண்கள் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலிலும் மதுரையிலும் தட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? காவலர் தடுப்பார். தட்டித் தட்டித் தேய்ந்த தூண்கள் என்பதால் இப்போது யாரையும் தொட விடுவதில்லை. தேரைச் சுற்றியும் தடுப்பு வைத்துவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஐந்து ரூபாய் நாணயத்தால் வெளித்தூண் ஏதாவது ஒன்றைத் தட்டி வீடியோ எடுங்கள். சத்தம் வராவிட்டால் பாட்டு சேர்த்துக்கொள்ளலாம்.

ட்ரைபாடுக்கு அனுமதி வேண்டும் என்று அவர் சொன்னால், உங்கள் மாமா எந்தத் துறையில் இருக்கிறார் என்பதைத் தெரிவியுங்கள்.

இந்தப் பாடத்தில் உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. சில இளைஞர்கள் ஒரு தூணைத் தள்ளிச் சாய்த்தே வீடியோ எடுத்தார்கள். அது 2019இல் ஊரெல்லாம் பரவியது. நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, விழுந்த தூணை அவர்கள் கையாலேயே நிமிர்த்தி நிறுத்தவும் வைத்தது. அந்த அளவுக்கு வேண்டாம். ப்ரீ-வெட்டிங் ஷூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணப்பெண்ணைச் சிற்பத்தின் மடியில் உட்காரவைத்து, கலர் புகை விட்டு, மாப்பிள்ளையை மண்டபத்தின் விளிம்பிலிருந்து குதிக்கச் சொல்லுங்கள். ஐந்நூறு வருடம் தாங்கிய கல், உங்கள் முகூர்த்தத்தையும் தாங்கும்.

5. உச்சி வெயிலிலும் ஃப்ளாஷ் போடுங்கள்.

ஹஜாரராமர் கோயில் இதற்கு ஏற்ற இடம். வெளிமதிலில் யானை, குதிரை, வீரர், நடனப் பெண்கள் என்று ஊர்வலம் வரிசை வரிசையாகப் போகிறது. உள்ளே சுவரெல்லாம் ராமாயணம். எல்லாம் விரற்கடை ஆழத்துக்குச் செதுக்கியவை. இப்படிப்பட்ட வேலைப்பாட்டுக்குச் சாய்வான வெளிச்சம் வேண்டும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது ஒவ்வொரு உருவமும் தன் நிழலைத் தானே வரைந்துகொண்டு சுவரைவிட்டு எழுந்து வரும். குதிரையின் கடிவாளம், வீரனின் குடுமி, எல்லாம் எண்ணிவிடலாம்.

நேர் எதிரே நின்று ஃப்ளாஷைத் தட்டினால் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. நிழல் அத்தனையும் ஓடிவிடும். அனுமனும் ராவணனும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவாகச் சமமாகப் படிந்துவிடுவார்கள். யார் யார் என்று அப்புறம் யாரும் உங்களைக் கேட்க முடியாது.

6. விருபாட்சர் கோயிலில் டார்ச் அடியுங்கள்.

இது நுணுக்கமான பாடம். கவனமாகப் படியுங்கள்.

விருபாட்சர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் ஒன்பது நிலை, சுமார் 50 மீட்டர் உயரம். கோயிலுக்குள் வெகுதூரம் நடந்து பின்பக்கம் போனால் ஓர் இருட்டு அறை வருகிறது. சுவரில் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியாக வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் அந்தக் கோபுரத்தையே தலைகீழாகக் காட்டுகிறது. ஒளி நேர்கோட்டில் போவதால் மேலிருந்து வருவது கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் விழுகிறது. நாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் பெட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. லென்ஸ் இல்லை, பேட்டரி இல்லை, மெமரி கார்டு இல்லை. கோயிலே கேமராவாகி, வெயில் உள்ள நாளெல்லாம் தன் கோபுரத்தைத் தானே படமெடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றையும் சேமித்து வைப்பதில்லை.

புகைப்படக்காரன் வாயடைத்து நிற்க வேண்டிய இடம் இதுதான். கண் இருட்டுக்குப் பழக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பழகிய பிறகுதான் கோபுரத்தின் நிலைகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். நுழைந்தவுடன் மொபைல் டார்ச்சைச் சுவரில் அடியுங்கள். பிம்பம் காணாமல் போகும். "ஒண்ணுமே தெரியலையே" என்று உரக்கச் சொல்லுங்கள். கூட வந்த மச்சானும் அவருடைய டார்ச்சைப் போடுவார். ஏற்கெனவே பழக்கிய கண்ணோடு அங்கே நின்றிருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் உங்களை முறைத்தால், சுவருக்கு முன்னால் அவனையும் நிறுத்தி ஒரு செல்ஃபி.

7. நரசிம்மரின் பின்பக்கம் போகாதீர்கள்.

1528இல் வடித்த 6.7 மீட்டர் உயரச் சிலை. கோபக்கார நரசிம்மர் என்று தலைப்புப் போட்டு முன்பக்கத்தை மட்டும் எடுங்கள். அவர் மடியில் லட்சுமி இருந்தாள், சிதைத்துவிட்டார்கள், அவரை அணைத்த கை மட்டும் முதுகில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டிவரும்.

8. காலிக் கருவறையை எடுங்கள், எழும்பூருக்கு மட்டும் போகாதீர்கள்.

கிருஷ்ணதேவராயர் உதயகிரிக் கோட்டையைப் பிடித்து, அங்கிருந்து பாலகிருஷ்ணரைக் கொண்டுவந்து ஹம்பியில் ஒரு கோயில் கட்டி 1515இல் அமர்த்தினார். இன்று அந்தக் கருவறையில் இருட்டுத்தான் இருக்கிறது. மனதை உருக்கும் ஒரு வாசகத்தோடு அந்த இருட்டைப் பதிவிடுங்கள்.

குழந்தைக் கண்ணன் சிதைந்த நிலையில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறான். நீங்கள் சென்னைவாசியாக இருந்தால் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். செய்யாதீர்கள். காலிக் கருவறையும் அதில் இருந்த சிலையும் ஒரே ஆள் எடுத்த இரண்டு படங்களாகப் பக்கம் பக்கமாக வந்துவிட்டால் அது ஆவணமாகிவிடும். நமக்கு ஆவணம் வேண்டாம், உருக்கம் போதும்.

இதே எச்சரிக்கையை ஊர் திரும்பிய பிறகும் கடைப்பிடியுங்கள். ஹம்பித் தூண்களில் தாவும் யாளிகளையும் குதிரைகளையும் பார்த்தபோது வேலூரிலும் ஸ்ரீரங்கத்திலும் மதுரையிலும் பார்த்த மாதிரி இருந்ததே என்று மனசு அரிக்கும். அரிக்கட்டும். அந்த மண்டபங்களை எழுப்பியவர்கள் விஜயநகரத்தின் ஆட்களும் அவர்கள் வழிவந்த நாயக்கர்களும்தான். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கம் போகும்போது சேஷராயர் மண்டபத்தைக் கடந்துதான் போவீர்கள். தலையைக் குனிந்து மொபைலைப் பார்த்தபடி கடந்துவிடுங்கள்.

9. மனிதர்களை அழியுங்கள்.

இடிபாடு என்றால் ஆளரவம் இருக்கக் கூடாது. குடத்தோடு ஒரு பெண், சைக்கிளில் இளநீர்க்காரர், மண்டபத் திண்ணையில் தூங்கும் கிழவர், யார் சட்டகத்துக்குள் வந்தாலும் "கொஞ்சம் தள்ளுங்க" என்று கையசையுங்கள். தள்ளாவிட்டால் மொபைலில் இப்போது அழிப்பான் இருக்கிறது. விரலால் ஒரு வட்டம் போட்டால் ஆள் மாயம்.

விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் கடைத்தெரு மண்டபங்களில் ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்தன. பழைய தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி வீடு, டீக்கடை, புத்தகக் கடை, தங்கும் விடுதி. தூணுக்கு அதனால் சேதமும் உண்டு, அதை மறுக்க முடியாது. 2011 ஜூலையில் பொக்லைன் வந்தது. வீடுகளும் கடைகளும் இடிந்தன, குடும்பங்களைச் சில கிலோமீட்டர் தள்ளி அனுப்பினார்கள். இப்போது தெரு சுத்தமாக, படத்துக்கு வாகாக இருக்கிறது. நீங்கள் விரலால் செய்வதைத்தான் அவர்கள் இயந்திரத்தால் செய்தார்கள். ஆகவே அந்தத் தெருவில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. அங்கே கடை வைத்திருந்தவர் யாராவது இப்போது தள்ளுவண்டியில் தொப்பி விற்றுக்கொண்டிருந்தால், முன்பு எந்த மண்டபத்தில் இருந்தீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அவர் கையை நீட்டிக் காட்டுவார். அந்த மண்டபத்தைப் பிறகு வெறும் தூணாக எடுக்க முடியாது.

10. எங்கே, எப்போது, எந்தத் திசையில் என்று எழுதிவைக்காதீர்கள்.

இந்த விதியை மீறிய ஒருவரால் வந்த வினையைச் சொல்கிறேன். அலெக்சாண்டர் கிரீன்லா என்று மதராஸ் படையில் ஓர் அதிகாரி. 1856இல் இங்கே வந்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். பெட்டி பெரிது, காகிதம் பெரிது, ஒரு படத்துக்குப் பல நிமிடம் கேமராவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். கைகளை விரித்து நிற்க அவருக்குத் தோன்றவே இல்லை. கட்டடத்தின் முன்னால் பெட்டியை நேராக வைத்தார், எடுத்தார், அடுத்த கட்டடத்துக்குப் போனார்.

இத்தனை சலிப்பான படங்கள் பிழைத்துக் கிடந்தன. 1983இல் ஜான் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஹம்பியில் அலைந்தார். கிரீன்லா பெட்டி வைத்த அதே இடங்களைக் கண்டுபிடித்து, அங்கேயே தன் கேமராவை வைத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் போன நூற்றுச்சொச்சம் வருடமும் தெரிகிறது. எந்தச் சுவர் சரிந்தது, எங்கே கட்டுமானம் போனது, எங்கே மரம் முளைத்தது. நீங்கள் கையில் தாங்கிய கல்தேரின் மேல் கிரீன்லா காலத்தில் செங்கல் விமானம் ஒன்று நின்றிருந்தது. இன்று மேலே வெறும் வானம். அந்த விமானத்தை இப்போது பார்க்க வேண்டுமென்றால் இந்த ஆள் எடுத்த படத்துக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப், மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து, எழுத்து, எழுத்து. ஒரு சூரியாஸ்தமனம்கூட இல்லை. செலவு அதிகம் என்று கவர்னர் டிரெவெல்யன் அந்த வேலையையே இழுத்து மூடினார். பட்ஜெட் போடுகிறவர்கள் அன்றும் நம் பக்கம்தான். டிரைப் தன் நெகட்டிவில் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்ததும் உண்டு. ஃபில்டர் போடும்போது யாராவது கிண்டல் செய்தால் இந்த ஒரு தகவலை மட்டும் எடுத்து வீசுங்கள், கல்வெட்டுச் சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் படங்களுக்கு இந்தக் கதி வராமலிருக்க வழி எளிது. கேமராவின் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். 2015 ஜனவரி ஒன்றாம் தேதியிலேயே இருக்கட்டும். இடத்தின் பெயரை எழுதாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டடத்தின் முக்கியமான மூலையை உங்கள் தோள் மறைக்கட்டும். நாளைக்கே அந்த மூலை இடிந்தாலும் உங்கள் படத்தைத் தேடி ஒருவரும் வர மாட்டார்கள்.

11. நிறைய எடுங்கள், நெருங்கி எடுக்காதீர்கள்.

லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். சில பொருட்களைப் படமெடுக்கச் சொன்னார், சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருட்களைவிடச் சும்மா பார்த்தவையே அவர்களுக்கு நன்றாக ஞாபகமிருந்தன. 2014இல் வெளியான ஆய்வு. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை கையைக் கழுவிவிடுகிறதாம். நம் முறைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஆனால் அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. படத்தில் வராத பகுதிகூட நினைவில் நின்றது. எது வேண்டும் என்று தேடிப் பார்த்துவிட்டார்கள் அல்லவா, அதனால். ஆகவே ஜூமைத் தொடவே தொடாதீர்கள். விரலைப் பொத்தானில் வைத்து அழுத்திக்கொண்டே நடங்கள். கமல மகாலுக்கு முப்பது, யானைக் கொட்டாரத்துக்கு நாற்பது, எல்லாம் ஒரே கோணத்தில்.

12. வீட்டுக்கு வந்ததும் அனுப்பிவிடுங்கள், மறந்துவிடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மொத்தத்தையும் கொட்டுங்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த இடத்தின் விவரத்தையும் உதிர்த்துவிடும். பத்தாம் விதியை நீங்கள் மீறியிருந்தாலும் அங்கே சரியாகிவிடும். பெரியப்பா கும்பிடு போடும் பொம்மை அனுப்புவார். வேலை முடிந்தது.

மூலப்படங்களை 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் போடுங்கள். மூன்று நகல் வேண்டும், இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில் வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு விதி சொல்வார்கள். அது பிழைக்கத் தெரியாதவர்களுக்கு. உங்களுக்கு ஒரு டிஸ்க் போதும். அதை ஃப்ரிட்ஜ் மேல் வையுங்கள். கூகுள் கணக்கிலும் கொஞ்சம் ஏற்றலாம், இலவசமாகத் தரும் 15 ஜிபி நிறையும்வரை. பிறகு பாஸ்வேர்டை மறந்துவிடுங்கள். இரண்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்காத கணக்கை அவர்களே அழித்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை.

13. ஒரு படத்தையும் அச்சுப்போடாதீர்கள்.

பரண்மேல் தகரப்பெட்டியில் தாத்தாவின் ஆல்பம் இருக்கும். படத்தின் பின்னால் பேனாவால் பெயர், ஊர், தேதி. அந்த மூன்றும் இருப்பதால்தான் ஐம்பது வருடம் கழித்தும் அது யார், எங்கே என்று வீட்டில் சண்டை வராமல் இருக்கிறது. இந்த வழக்கத்தை உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள். ஸ்டூடியோக்காரர் ஒரு பிரிண்டுக்கு ஒரு டீக்காசைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார், அநியாயம்.

இந்தப் பதின்மூன்றையும் ஒழுங்காகச் செய்தால், சில வருடங்களில் ஹம்பியில் எடுத்த ஒரு படமும் உங்களிடம் இருக்காது. ஹம்பியும் ஞாபகத்தில் இருக்காது. கவலை வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட நீல நிற 50 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கல்தேர் இருக்கிறது. முன்னால் யாரும் கையை விரித்துக்கொண்டு நிற்கவில்லை. அதில் ஒன்றை மட்டும் செலவழிக்காமல் எடுத்து வையுங்கள்.